முதல் சத்தமா, ரெண்டாவது சத்தமா

ஸ்கேனரில் விளக்கு எரிந்தது. மூடிக்குள் ஏதோ ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊர்ந்து போய்த் திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பேச்சுவார்த்தை அறுந்துபோன சொந்தக்காரர் எதிரே வந்து உட்கார்ந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

கண்ணாடிக்காரர் ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினார். ஊதிவிட்டுச் செருகினார். கம்ப்யூட்டரை நிறுத்தி, பத்து எண்ணி, மறுபடி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"பெட்டியில என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி. மேஜையோரம் உட்கார்ந்து ஒரு பிரேமின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"பாத்துதானே வாங்கினேன்."

"படத்தைப் பாத்தீங்க. எழுத்தைப் படிச்சீங்களா?"

முப்பது வருஷமாக ஊராரின் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிட்டவர், தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெட்டியின் அடிப்பக்கத்தைப் படித்தார். எந்தெந்த கம்ப்யூட்டரோடு வேலை செய்யும் என்று எறும்பு எழுத்தில் இரண்டு பெயர் போட்டிருந்தது. அதில் இவருடைய கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் இல்லை.

லினக்ஸைக் குறை சொல்ல அந்தக் கடையில் யாருக்கும் உரிமை கிடையாது. போட்டுக்கொடுத்தது மாப்பிள்ளை. கப்பலில் இன்ஜினியர். கடைசியாக வந்தபோது, தூக்கிப்போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரை ஒரே மத்தியானத்தில் துடைத்து, திரையில் லினக்ஸின் அடையாளமான பென்குவின் படத்தோடு எழுப்பி உட்காரவைத்து, "மாமா, இனிமே இதுக்கு வயசே ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. மாப்பிள்ளை இப்போது நடுக்கடலில் இருந்தார். போன் எட்டாது. அடுத்த மாதம்தான் கரை.

கண்ணாடிக்காரருக்கு அடுத்த மாதம் வரை நேரம் இல்லை.

கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அடுத்த வாரம் சனிக்கிழமை சாவியைக் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு உள்ளே எது கிடந்தாலும் அது குப்பை என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். புதிதாகப் பிடித்த கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி அலமாரி, இவர், மனைவி, அவ்வளவுதான் கொள்ளும். வாடிக்கையாளர் அட்டைகள் இருந்த நாற்பது இழுப்பறை பீரோ அந்தக் கதவில் நுழையவே நுழையாது. இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டார். வீட்டில் வைக்கலாம் என்றால், வீட்டில் ஏற்கெனவே மனிதர்களே ஒருக்களித்துத்தான் நடந்தார்கள்.

ஏழாயிரத்துச் சொச்சம் அட்டைகள். தடித்த, மஞ்சள் அட்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் அச்சடித்த எண். அதன் கீழே வலது கண், இடது கண், பவர், இரண்டு கருவிழிக்கும் நடுவே உள்ள தூரம். அதற்கும் கீழே அவருடைய கையெழுத்தில் ஒரு குறிப்பு. 'மூக்கு இடப்பக்கம் சாய்வு. சொன்னால் கோபம் வரும்.' 'கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது முறை.' 'பவர் கூடியதை வீட்டில் சொல்லக் கூடாது.' 'லாரி ஓட்டுபவர். எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார். கீழிருந்து மேலே படிக்கச் சொல்லவும்.'

பத்து வருஷம் கழித்து ஒருவர் படியேறி வந்தாலும், அட்டையை உருவினால் போதும், அவர் மூக்கும் காதும் கோபமும் கைக்கு வந்துவிடும். மற்ற கடைகளிலும் கண்ணாடி இருந்தது. இந்த அட்டைகள் இல்லை. இவை போனால் அவர் நேற்றுக் கடை திறந்தவர்தான். எனவே சனிக்கிழமைக்குள் ஏழாயிரம் அட்டையும் கம்ப்யூட்டருக்குள் போயாக வேண்டும்.

போனில் படம் பிடித்துவிடலாம் என்று மனைவி ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாள். காலையிலிருந்து மத்தியானத்துக்குள் முப்பது அட்டை. அதில் பாதியில் அவள் கை நிழல்தான் தெளிவாக விழுந்திருந்தது.

அதனால்தான் ஸ்கேனர். அந்த ஸ்கேனர்தான் இப்படி.

வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனார். விற்பனையாளர், காசு திரும்பக் கிடைக்காது, வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்றார். லினக்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும், பக்கத்தில் குழந்தை வாந்தி எடுக்கப் போகிறது என்று சொன்ன மாதிரி ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். பிறகு சுதாரித்து, இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார். இதில் அட்டைகளை மேலே அடுக்கிவிட்டால் போதும், அதுவே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் என்றார்.

"லினக்ஸ்ல ஓடுமா?"

"எல்லாத்துலயும் ஓடும் சார்."

"எல்லாத்துலயும்னா?"

"எல்லாத்துலயும்தான் சார்."

கண்ணாடிக்காரர் இந்தத் தடவையும் பெட்டியின் படத்தைத்தான் பார்த்தார்.

இந்த மெஷினைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொண்டது. அதன் பெயர் திரையில் வந்ததும் கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து அட்டைகளை அடுக்கிப் பொத்தானை அழுத்தினார். முதல் அட்டை நல்ல பிள்ளையாக உள்ளே போனது. இரண்டாவதும் மூன்றாவதும் நாலாவதும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு சேர்ந்து போயின. உள்ளே யாரோ முறுக்கு கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் அட்டை விசிறி மாதிரி மடிந்து மறுபக்கம் வந்து விழுந்தது. திரையில் வந்த படமோ முழுக் கறுப்பு.

இந்தச் சமயத்தில்தான் மச்சான் வந்தார். மனைவியின் தம்பி. போன்களுக்கு உறை விற்கிறவர் என்பதால் குடும்பத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர். மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்து, தீர்ப்புச் சொன்னார்.

"அத்தான், மெஷின் மேல தப்பே இல்ல. இந்தப் பென்குவின்தான் எல்லாத்துக்கும் காரணம். அதைத் தூக்கிட்டு எல்லாரும் வெச்சிருக்கறதைப் போட்டுட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது."

"மாப்பிள்ளை போட்டதுடா அது" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை கப்பல்லதானே இருக்காரு, அக்கா."

சொல்லிக்கொண்டே மச்சான் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்துத் திரை கறுத்துவிட்டது. மேலே வெள்ளை எழுத்தில் ஓரிரண்டு வரி, அதன் முடிவில் கண் சிமிட்டுகிற ஒரு சின்னக் கோடு. அதைத் தவிர வேறொன்றும் இல்லை. யார் யாருக்கு எந்த லென்ஸ் சொல்லியிருக்கிறது, யார் என்றைக்கு வர வேண்டும் என்கிற பட்டியலெல்லாம் உள்ளேதான் இருந்தது.

மச்சானுக்குத் திடீரென்று அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. கிளம்பும்போது, ரிப்பேர் தெரிந்த நண்பர் ஒருவரின் நம்பரை எழுதிக்கொடுத்தார். எழுதுவதற்கு முன்னால் பேனா எழுதுகிறதா என்று பார்க்க, மேஜையில் கிடந்த எழுத்து அட்டையில் ஒரு கோடு இழுத்தார். வாடிக்கையாளர் கையில் பிடித்துப் படிக்கிற அட்டை அது. சுவரில் தொங்கிய பெரிய பலகையும் இதுவும் ஒரே அச்சகத்தில் வந்தவை. அதே எழுத்து, அதே வரிசை, அளவுதான் வேறு. மச்சான் இழுத்த கோடு நாலாவது வரியில் 'ப'வின் நடுவே செங்குத்தாக விழுந்தது. கம்ப்யூட்டர் போனதற்குக்கூட ஒன்றும் சொல்லாத கண்ணாடிக்காரர், இதற்கு மச்சானை வாசல்வரை விரட்டிக்கொண்டு போனார்.

நண்பரின் நம்பரை யாரும் எடுக்கவில்லை.

மனைவிதான் தன் போனில் தேடி ஒரு குழுவைக் கண்டுபிடித்தாள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்கிற இடம். கண்ணாடிக்காரர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, 'மதிப்பிற்குரிய லினக்ஸ் பெருமக்களுக்கு' என்று ஆரம்பித்து நடந்ததையெல்லாம் எழுதினார். மச்சானின் குணநலன்களுக்கே ஒரு பத்தி போனது.

பத்து நிமிஷத்தில் நாலு பதில் வந்தது. மூன்று பேர், கேள்வியை எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாலாவது ஆள் தன் பெயரை 'நத்தை' என்று வைத்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: திரையில் என்ன எழுதியிருக்கிறது?

கண்ணாடிக்காரர் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். உடனே பதில் வந்தது. 'படம் வேண்டாம். எழுத்தாக அனுப்புங்கள்.'

"பெரிய இவரு. படம் பாக்க மாட்டாராம்" என்றார் கண்ணாடிக்காரர்.

"உங்களுக்கு இப்படி ஒரு ஆள்தான் வேணும்" என்றாள் மனைவி.

எழுத்துக் கூட்டி எழுதி அனுப்பினார். அதில் ஏகப்பட்ட பிழை. நத்தை சலித்துக்கொள்ளாமல் தன் போன் நம்பரைக் கொடுத்து, கூப்பிடச் சொன்னார். மெல்லிய குரல். நாற்பது வயது சொல்லலாம்.

"ஒரே ஒரு விஷயம், ஐயா. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

கண்ணாடிக்காரரிடம் இதுவரை யாரும் இவ்வளவு பெரிய உதவி கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். நத்தை சொன்னபடி, மாப்பிள்ளை விட்டுப்போன பென்டிரைவை இழுப்பறையிலிருந்து எடுத்துச் செருகினார். திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். எந்தப் பொத்தான், எத்தனை தடவை என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தன் வீட்டு அறைக்குள் நடக்கிறவர் மாதிரி அவர் இந்த கம்ப்யூட்டருக்குள் நடந்தார்.

"இப்ப ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கணுமே" என்றார் நத்தை.

கண்ணாடிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தார். கூடித்தான் இருந்தது.

"அப்ப பொழைச்சுக்கும். மூணு நிமிஷம். அதுக்குள்ள டீ குடிச்சுட்டு வாங்க."

டீ எங்கே குடிப்பது. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது நிமிஷம் பென்குவின் வந்தது. பின்னாலேயே லென்ஸ் பட்டியல், வருகிறவர் பட்டியல், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மனைவி கையிலிருந்த பிரேமைக் கீழே வைத்துவிட்டாள். முகம் தெரியாத ஒரு ஆள், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, காதாலேயே செத்ததை எழுப்பிவிட்டார். கண்ணாடிக்காரருக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம்தான் ஸ்கேனர் பேச்சு வந்தது. சில மெஷின்கள் மட்டும் ஏன் இதில் ஓடுகின்றன என்று கேட்டார் கண்ணாடிக்காரர். செய்கிறவர்கள் பல பேர் லினக்ஸுக்கென்று எதுவும் எழுதிக்கொடுப்பதில்லை என்றார் நத்தை. எங்கேயோ யாரோ ஒருவர், அந்த மெஷின் மற்ற கம்ப்யூட்டர்களோடு என்ன பேசிக்கொள்கிறது என்று நாள் கணக்கில் ஒட்டுக்கேட்டு, அந்தப் பாஷையைப் புரிந்துகொண்டு, லினக்ஸுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்.

"அவங்களுக்கு அதுல என்ன கிடைக்கும் தம்பி?"

"அவங்க மெஷின் ஓடும். ஓடினதும், அடுத்து வர்றவங்களுக்குன்னு அதைப் பொதுவுல வெச்சுட்டுப் போயிடுவாங்க."

"நமக்குத் தெரியாதவங்க."

"நம்மளையும் அவங்களுக்குத் தெரியாதே ஐயா."

கண்ணாடிக்காரர் பேசாமல் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாகப் பேச்சை நிறுத்தி மனைவி பார்த்தது இதுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

போனை வைப்பதற்கு முன், ஏன் நத்தை என்று பெயர் என்று கேட்டார். "மெதுவா தடவித் தடவித்தான் போவேன். ஆனா போய்ச் சேந்துடுவேன்" என்று சிரித்தார் நத்தை. அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்கு அவர் 'நத்தை சார்'.

வாங்கிவிட்டுக் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டு வாங்க வேண்டும் என்பது நத்தை சாரின் முதல் சட்டம். எந்த மெஷின் லினக்ஸில் எவ்வளவு ஓடும் என்று ஆர்வலர்கள் போட்டுவைத்த பட்டியல் ஒன்று இருந்தது. அதில் தேடச் சொன்னார். அட்டை தடிப்பாக இருப்பதால், உள்ளே வளைந்து திரும்பாமல் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் நேராக வெளியே வருகிற மெஷினாகப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்காரர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"பச்சையில போட்டிருக்கு நத்தை சார். வாங்கிடவா?"

"நிறத்தை விடுங்க. பக்கத்துல என்ன வார்த்தை இருக்கு?"

"ஓரளவு."

"ஓரளவு வேண்டாம்."

கடைசிச் சட்டம்தான் பெரியது. கடையிலேயே, நம் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். கண்ணாடிக்காரர் யோசித்தார். கண் பார்க்கும்போது அவர் உட்கார்ந்து நகர்கிற சக்கர ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் கம்ப்யூட்டரையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஸ்கேனரையும் ஏற்றிக் கயிற்றால் கட்டினார். திரையை மனைவி குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நாலு தெரு தள்ளிக்கொண்டு போனார்கள். எதிரே வந்த ஒருவர், ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். ஒரு விதத்தில் அப்படித்தான் என்று கண்ணாடிக்காரர் சொன்னார்.

விற்பனையாளர் இந்தத் தடவை இரண்டடி பின்னால் போனார். ஆனால் கண்ணாடிக்காரர் விடுகிறவராக இல்லை. கடையில் இருந்த நேர்வழி மெஷின்கள் அஞ்சையும் வரிசையாக எடுத்துவைக்கச் செய்தார். சோதனைக்கு ஒரு தாள் வேண்டுமே. மேஜையிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த எழுத்து அட்டையை எடுத்தார். நத்தை சாரைக் கூப்பிட்டு, போனை முதல் மெஷினின் முதுகில் வைத்தார். ஸ்கேன் செய்ததைக் கம்ப்யூட்டரே படித்து எழுத்தாக மாற்றும். அதை அப்படியே தனக்கு அனுப்பச் சொல்லியிருந்தார் நத்தை சார். மனைவி ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்று போனதும், அந்தப் பக்கம் ஏதோ ஒரு மெஷின் குரல் கடகடவென்று படிப்பது லேசாகக் கேட்டது. அனுப்பியதை இருவருமே படித்துப் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்ததை அந்த விற்பனையாளர் இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார்.

முப்பது வருஷமாக ஒரே நாற்காலிக்கு எதிரே நின்று, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, இதுவா' என்று கேட்டுப் பழகிய வாய். தன்னை அறியாமல் அதே ராகத்தில் கேட்டுவிட்டது.

"முதல் சத்தமா, ரெண்டாவது சத்தமா?"

"ரெண்டாவது" என்றது போன்.

"இப்ப? ரெண்டாவதா, மூணாவதா?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. மறுபடி ரெண்டாவதைப் போடுங்க."

"அவசரமே இல்ல. நிதானமாக் கேளுங்க."

கடைக்கு வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது மெஷினின் ரப்பர் உருளை தேய்ந்திருக்கிறது, காட்சிக்கு வைத்துப் பலபேர் ஓட்டிப் பார்த்த மெஷின் அது என்றார் நத்தை சார். விற்பனையாளர் முகம் வெளுத்தது. உண்மைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அஞ்சாவது மெஷினைக் கேட்டதுமே நத்தை சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாலாவதை மட்டும் ஆறு தடவை ஓட்டச் சொன்னார்.

"இதுதான் ஐயா. இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வாங்குது, கேட்டீங்களா? அப்படி வாங்கினா ரெண்டு அட்டை சேந்து போகாது. எழுத்தும் இதுலதான் முழுசா வந்திருக்கு. கடைசி வரி வரைக்கும்."

கண்ணாடிக்காரருக்கு எந்த மூச்சும் கேட்கவில்லை. ஆனால் கேட்டது என்று சொல்லிவிட்டார்.

விற்பனையாளர் பழையதை எடுத்துக்கொண்டு நாலாவதைக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, போனில் பேசியது யார் என்று விசாரித்தார். எங்க நத்தை சார் என்றார் கண்ணாடிக்காரர், ஏதோ பெரியப்பா பிள்ளையைச் சொல்கிற தோரணையில்.

திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தார்கள். மனைவி அடுக்கினாள், இவர் பொத்தானை அழுத்தினார். மூச்சு வாங்கி, ஒன்று. மூச்சு வாங்கி, ஒன்று. அட்டை போகிற வேகத்தில் இரண்டு பக்கமும் திரையில் விழுந்தது. தலையில் இருந்த எண்ணைக் கம்ப்யூட்டரே படித்து, அதையே பெயராக வைத்துக்கொண்டது. மடங்கிப்போன தலைமையாசிரியை அட்டைகூட இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. முப்பது வருஷத்து மூக்குகளும் காதுகளும் கோபங்களும் மழைத் தண்ணீர் குழாய்க்குள் போகிற மாதிரி அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்க்கொண்டே இருந்தன. கண்ணாடிக்காரர் சும்மா நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் நாற்பதாவது இழுப்பறை காலியானது.

உடனே நத்தை சாருக்குப் போன் போட்டார். இதற்கு என்ன கைம்மாறு செய்வது. ஒன்றும் வேண்டாம் என்றார் அவர். கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. கடையில் இருக்கிறதிலேயே நல்ல பிரேம், நல்ல லென்ஸ், தானே செய்து தரப் போவதாக அறிவித்தார்.

"உங்க பவர் மட்டும் சொல்லுங்க. கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கற ஆளு. எப்படியும் மைனஸ் ஆறு இருக்கும்."

"நான் கண்ணாடியே போட்டதில்லைங்க."

"இந்த வயசுலயா?"

"தேவையே இல்லாமப் போச்சு ஐயா. அது என்னன்னா—"

"தேவையே இல்லையா? என்ன கண்ணு சார் அது! அதை நான் பாத்தே ஆகணும்."

"அவரைக் கொஞ்சம் பேச விடுங்களேன்" என்றாள் மனைவி. கண்ணாடிக்காரர் காதில் விழவில்லை. சனிக்கிழமை காலை, சாவி கொடுப்பதற்கு முன்னால், பழைய கடைக்கு வந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில், மெஷினை ஒரு தடவை நேரில் தொட்டுப் பார்க்க ஆசைதான், வருகிறேன் என்றார் நத்தை சார்.

சனிக்கிழமை காலையில் மனைவி கடைசி வண்டிச் சாமானோடு புதுக் கடைக்குப் போய்விட்டாள். பழைய கடை வெட்டவெளியாகக் கிடந்தது. உள்ளே ஸ்கேனர் மட்டும் ஒரு பெட்டிமேல் இருந்தது. துணித் திரைக்குப் பின்னால் இருட்டறையில் கண் பார்க்கிற நாற்காலியும், பின்னால் விளக்கு எரிகிற எழுத்துப் பலகையும் இன்னும் கழற்றாமல் இருந்தன. அதற்காகவே அவர் கழற்றவில்லை.

டாக்ஸி வாசலை ஒட்டி நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஒல்லியான ஆள் இறங்கினார். கண்ணை லேசாக மூடிக்கொண்டு, எதையோ யோசிக்கிற மாதிரி ஒரு முகம். கண்ணாடிக்காரர் ஓடிப்போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவே இல்லை. பேசிக்கொண்டே படியேற்றி, பேசிக்கொண்டே ஸ்கேனர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

நத்தை சார் மெஷின்மேல் உள்ளங்கையை வைத்தார். மூடி, விளிம்பு, அட்டை வைக்கிற தட்டு, பொத்தான் என்று விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். சின்னக் குழந்தையின் முகத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது. ஒரு அட்டை போடச் சொல்லி, காதை வைத்துக் கேட்டார்.

"மூச்சு வாங்குது" என்றார். முகம் மலர்ந்துவிட்டது.

தொழிலில் இப்படி ஒரு பக்தியைக் கண்ணாடிக்காரர் பார்த்ததில்லை. உடனே கையைப் பிடித்து இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"ஐயா, முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்."

"எல்லாம் அப்புறம். நேரா எழுத்துப் பலகை இருக்கு. வலது கண்ணை மூடிக்குங்க."

"எந்தக் கண்ணை மூடினாலும் எனக்கு ஒண்ணுதான்."

"அவ்வளவு நம்பிக்கையா?"

நத்தை சாரின் உதட்டோரத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "மேலயிருந்தா, கீழயிருந்தா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் ஏமாளி இல்லை. எத்தனை லாரிக்காரர்களைப் பார்த்தவர்.

"கீழயிருந்து மேல."

நத்தை சார் ஆரம்பித்தார். எல்லாவற்றுக்கும் கீழே, எழுத்து வரிசையெல்லாம் முடிந்த பிறகு, அழுக்குக் கோடு மாதிரி ஒன்று இருந்தது. அதை அவர் நிதானமாகப் படித்தார். அச்சகத்தின் பெயர், அச்சிட்ட வருஷம், 'அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யலாகாது.'

அந்தக் கோட்டில் எழுத்து இருக்கிறது என்பதே கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. முப்பது வருஷமாகத் தினமும் அதன் பக்கத்தில் நின்றவர். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பலகையோடு மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தார். அச்சகத்தின் பெயர் இருந்தது. வருஷம் இருந்தது. மறுபதிப்புச் செய்யலாகாது என்றும் இருந்தது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, தொடர்ந்து படிக்கச் சொன்னார்.

அதற்குமேல் நத்தை சார் ஒவ்வொரு வரியாக ஏறிக்கொண்டே போனார். கண்ணைச் சுருக்கவில்லை. கழுத்தை நீட்டவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு படித்தார். நாலாவது வரியில் மட்டும் 'ப' வருகிற இடத்தில் 'ய' என்றார். ஒரே ஒரு எழுத்து. அது பெரிய எழுத்துதான். ஆனாலும் மனிதன்தானே, வாய் தவறியிருக்கும். உச்சியில் இருந்த ஒற்றை எழுத்தையும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் ஏழாயிரம் ஜோடிக் கண்களைப் பார்த்தவர். கழுகுக்குச் சமமான ஒரு கண் இந்தக் கடைசி நாளில், இடிக்கப் போகிற கடையில், இந்த நாற்காலியில் வந்து உட்காரும் என்று அவர் நினைத்ததே இல்லை. மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு புது மஞ்சள் அட்டையை எடுத்தார். வலது கண், இடது கண் இரண்டையும் காலியாக விட்டுவிட்டு, கீழே குறிப்பு எழுதுகிற இடத்தில் எழுதினார்: 'இப்படி ஒரு பார்வையை இதுவரை கண்டதில்லை.'

எழுதி முற்றுப்புள்ளி வைக்கும்போது வெளியே யாரோ செருமினார்கள். திரையை விலக்கிக்கொண்டு டாக்ஸிக்காரர் தலையை நீட்டினார். அவர் கையில் நாலாக மடக்கிய ஒரு வெள்ளைக் கோல் இருந்தது.

"ஐயா, பார்வையில்லாத ஒருத்தரை இங்க இறக்கிவிட்டேனே, அவரோட கோல் வண்டியிலேயே கிடந்துது."